நீல வளைவை வெட்டாதீர்கள்

டிசம்பர் நெருங்கினால் புத்தகக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் ஒரு காலண்டர் தவறாமல் தலைகாட்டும். பின்னணியில் வெள்ளை வெளேரென்று ஒரு கோட்டை, கீழே மாடு பூட்டி உழுகிற ஒரு குடியானவர். திருப்பிப் பார்த்தால் ‘இடைக்கால ஓவியங்கள்’ என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அவை ஒரே கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தவை. பாரிசுக்கு வடக்கே ஷாந்தியீ அரண்மனையில், கோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘த்ரே ரிஷ் ஊர்’ என்ற ஜெபப் புத்தகம் அது. பெர்ரி கோமகன் ழானுக்காக 1411, 1412 வாக்கில் லிம்பூர் சகோதரர்கள் மூவர் வரையத் தொடங்கியது. கன்றுத்தோலில் 206 தாள்கள். வேளைக்கு வேளை சொல்ல வேண்டிய ஜெபங்கள் உள்ளே வரும். அதற்கு முன்னால், புத்தகத்தின் தொடக்கத்திலேயே, பன்னிரண்டு மாதங்களுக்கும் படத்தோடு ஒரு காலண்டர்.

ஆக, காலண்டராகப் பிறந்ததைத்தான் மறுபடி காலண்டராக அச்சடிக்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் துளியும் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் அச்சடிக்கிறவர்கள் அந்தப் பக்கத்தை வெட்டுகிற விதத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பக்க வடிவமைப்பு வேலையில் இருப்பதால் இதை என்னால் சும்மா விட முடியவில்லை.

என்ன வெட்டுகிறார்கள்? ஒவ்வொரு மாத ஓவியத்தின் தலையிலும் ஒரு அரைவட்டம் உண்டு. நல்ல கருநீலம். நடுவில் சூரியனைக் கையில் ஏந்தியபடி ஒருவர் தேரில் போகிறார். அவரைச் சுற்றி நட்சத்திரங்களோடு இரண்டு ராசிகள். பிப்ரவரி என்றால் கும்பமும் மீனமும். அதற்கு வெளியே வளையம் வளையமாக நாள் கணக்கு, சந்திரன் கணக்கு. சூரியன் ராசி மாறும்போது மாதம் பிறக்கிற நமக்கு இது உடனே புரிந்துவிடும். ஐரோப்பிய மாதத்தின் நடுவில் ராசி மாறுகிறது, அதனால்தான் மாதத்துக்கு இரண்டு. அதாவது கீழே பூமியில் நடக்கிற வேலையும் மேலே வானத்தில் நடக்கிற நகர்வும் ஒரே பக்கத்தில், ஒன்றுக்கொன்று பதில் சொல்கிற மாதிரி. மேலே உள்ளது அவர்களுடைய பஞ்சாங்கம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அழகான ஒரு கிராமக் காட்சி, அவ்வளவுதான். அது எந்த மாதம், ஏன் அந்த மாதம் என்ற கணக்கே காணாமல் போய்விடும்.

வெட்டுவதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை, சதுரம். சுவர்க் காலண்டர்களில் முப்பது சென்டிமீட்டர் சதுரம்தான் இப்போது எல்லோருக்கும் வசதியான அளவு. கையெழுத்துப் பிரதியிலோ பிப்ரவரி ஓவியம் மட்டும் ஏறத்தாழ 22.5 செ.மீ. உயரம், 13.6 செ.மீ. அகலம். அகலத்தை முழுசாக வைத்துக்கொண்டு சதுரமாக்கினால் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். முதலில் பலியாவது நீல வளைவு. அப்புறமும் இடம் போதாவிட்டால் கோட்டைக் கோபுரத்தின் உச்சி. மார்ச் பக்கத்தில் லூசிஞான் கோட்டையின் வலப்பக்கக் கோபுரத்துக்கு மேலே பொன்னிறத்தில் ஒரு சின்ன பறவைநாகம் பறக்கும். அந்தக் கோட்டையைக் கட்டியதாகச் சொல்லப்படும் மெலூசின் என்ற தேவதை அது. அவளுக்கும் அதே கதி.

வளைவில் இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். சில மாதங்களில் அந்த வளையங்கள் எழுதி முடிக்கப்படாமலே நிற்கின்றன. கோடு போட்டிருக்கிறது, எழுத்து இல்லை. 1416இல் கோமகன் இறந்தார். சகோதரர்கள் மூவரும் அதே ஆண்டில் போய்விட்டார்கள். கொள்ளைநோயாக இருக்கலாம் என்பது பொதுவான ஊகம். முப்பதைத் தாண்டாத, அல்லது அப்போதுதான் தொட்ட வயது. கோமகன் இறந்தபின் எடுத்த சொத்துக் கணக்கில், மூவரில் ஒருவரான ‘போல்’ என்பவரும் அவர் சகோதரர்களும் செய்த மிகச் செழிப்பான ஜெபப் புத்தகத்தின் தாள்கள் பல ஒரு பெட்டியில் கிடந்ததாக எழுதியிருக்கிறது. புத்தகத்தின் பெயரே அந்தக் குறிப்பிலிருந்து வந்தது. 1884இல் லியோபோல் தெலீல் என்ற அறிஞர்தான் அந்தக் குறிப்பையும் இந்தப் பிரதியையும் இணைத்தவர். அப்படி நின்றுபோன வேலையின் தடயம் கண்ணுக்கு நேராகத் தெரிகிற இடம் அந்த வெற்று வளையங்கள். ‘சுத்தமாக இல்லை’ என்று நினைத்து அதைத்தான் முதலில் கத்தரிக்கிறார்கள்.

பன்னிரண்டு படத்துக்கும் கீழே ‘லிம்பூர் சகோதரர்கள்’ என்று ஒரே பெயரை ஒட்டுவதும் இதே கவனக்குறைவுதான். நவம்பர் அவர்களுடையது இல்லை. பன்றிகளுக்காக ஓக் மரத்தில் தடியை எறிந்து விதைகளை உதிர்க்கிற அந்த ஆளை வரைந்தவர் ழான் கொலோம்ப், 1485-89 காலத்தில், சவோய் கோமகனுக்காக. நடுவில், 1440களில், இன்னொரு ஓவியரும் இதில் கை வைத்திருக்கிறார். செப்டம்பரில் கோட்டை ஒருவர் கை, முன்னால் திராட்சை பறிக்கிறவர்கள் வேறொருவர் கை என்று அறிஞர்கள் பிரிக்கிறார்கள். மூன்று தலைமுறை உழைப்பு. ஓரத்தில் ஒரு வரி சேர்த்து அச்சிட எவ்வளவு மை செலவாகிவிடும்?

பிப்ரவரிக்கு வருகிறேன். இந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த பக்கம். ஊர் முழுக்கப் பனி. குடிசையின் ஒரு பக்கச் சுவரை ஓவியர் எடுத்துவிட்டார், உள்ளே அடுப்பு எரிவது தெரிகிறது. நீலப் பாவாடை கட்டிய ஒரு பெண் லேசாக உடுப்பைத் தூக்கிக் குளிர் காய்கிறாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் தாராளமாகவே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளாடை கிடையாது, எனவே எல்லாம் தெரிகிறது. வெளியே தொழுவத்தில் ஆடுகள் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன, கூரையில் ஓட்டை. வரிசையாகத் தேன்கூடுகள், அவற்றின் மேல் பனிக்குல்லாய். முற்றத்தில் பறவைகள் எதையோ கொத்துகின்றன. துணியைத் தலையில் இழுத்துப் போர்த்திய ஒருவர் கையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டு வீட்டைப் பார்த்து வருகிறார். தூரத்தில் ஒருவர் மரம் வெட்டுகிறார், இன்னொருவர் சுமையேற்றிய கழுதையை ஊருக்கு ஓட்டிப் போகிறார். குளிரைத் தோலில் உணர்ந்த ஒருவரால்தான் இப்படி வரைய முடியும்.

1948 ஜனவரியில் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழ் இந்தப் பன்னிரண்டு மாதங்களையும் வண்ணத்தில் அச்சிட்டது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு இந்த ஓவியங்கள் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். ஆனால் பிப்ரவரியில் அந்த இரண்டு பேரின் மறைவிடத்தை மட்டும் அழித்துவிட்டார்கள். இன்றைக்கு அப்படி யாரும் அழிப்பதில்லை. அதற்குப் பதில் குடிசையை முழுசாகவே விட்டுவிட்டு, பனியும் மரமும் கழுதையும் வருகிற மேல்பகுதியை மட்டும் எடுத்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஆக்குகிறார்கள். ஆட்கள் குளிர் காய்வதுதான் அந்தப் படத்தின் உயிர். அதை விட்டுவிட்டுப் பனியை மட்டும் விற்பது எனக்குச் சம்மதமில்லை.

தனிப் படங்களாகச் சட்டம் போட்டு விற்பவற்றிலும் இதே சாய்வு. ஏப்ரல் நிச்சயதார்த்தம், மே மாதப் பச்சையுடைச் சீமாட்டிகளின் குதிரை ஊர்வலம், ஆகஸ்ட் வல்லூறு வேட்டை. இவைதான் ஓடும் சரக்கு. ஆகஸ்டிலாவது உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்: சீமான்களுக்குப் பின்னால் வயலில் கதிர் அறுத்துக் கட்டு கட்டுகிறார்கள், வண்டியில் ஏற்றுகிறார்கள், சிலர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு ஆற்றில் நீந்துகிறார்கள். படத்தை நெருக்கி வெட்டும்போது மறைவது இவர்கள்தான். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோமகனுக்காக, அவர் காசில் வரைந்தவர்கள்கூட இவர்களை விடாமல் வரைந்தார்கள். இப்போது நாம் ஏன் விட வேண்டும்?

அக்டோபரை யாராவது தனிப் படமாகப் போட்டால் முதல் ஆளாக வாங்குவேன். ஸேன் ஆற்றங்கரையில் விதைப்பு, பின்னால் பழைய லூவ்ர் கோட்டை. விதை வீசிக்கொண்டு போகிறவருக்குப் பின்னால் மண்ணில் அவர் காலடித் தடம் பதிந்திருக்கிறது. அந்த விதையைப் பறவைகள் கொத்திக்கொண்டிருக்கின்றன. வில்லேந்திய வீரன் மாதிரி ஒரு பொம்மையை வயலில் நட்டிருக்கிறார்கள், பறவைகள் அதைச் சட்டையே செய்யவில்லை. குதிரை இழுக்கிற பரம்பின் மேல் ஒரு கல். பல் மண்ணில் நன்றாக இறங்க வேண்டுமே. விவசாயம் தெரிந்த யாருக்கும் அந்தக் கல்லைப் பார்த்ததும் மனசு நின்றுவிடும்.

சரி, ‘அசலைப் பார்க்காமல் அச்சுப் படத்துக்காக இவ்வளவு சண்டையா’ என்று கேட்கலாம். அசலைப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை என்பதால்தான் இந்தச் சண்டையே. 1856இல் ஓமால் கோமகன் இதை 18,000 பிராங்குக்கு வாங்கினார். பிறகு ஷாந்தியீயைச் சேகரிப்போடு பிரெஞ்சு அறிஞர் கழகத்துக்குக் கொடுத்தபோது, எதுவும் வெளியே போகக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். அருங்காட்சியகம் 1898இல் திறந்தது. இன்றுவரை இந்தப் புத்தகம் கடனுக்குக்கூட வேறு ஊருக்குப் போக முடியாது. சொந்த ஊரிலும் இருட்டறை வாசம்தான். 2025 ஜூன் முதல் அக்டோபர் வரை நடந்த கண்காட்சியில், பழுதுபார்ப்பதற்காகப் பிரித்த காலண்டர் தாள்களைத் தனித்தனியாக வைத்துக் காட்டினார்கள். அப்போது அங்கே போக முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். மற்ற எல்லோருக்கும் இது, 1940இல் தேரியாத் என்ற பதிப்பாளரின் ‘வெர்வ்’ இதழ் அச்சிட்டது மாதிரி, அச்சு வழியாக மட்டுமே தெரிந்த ஓவியம். 1984இல் சுவிட்சர்லாந்தின் லுசெர்னில் அச்சான முழு நகல் 980 பிரதிகள்தான், அது நம் கைக்கு எட்டுகிற சமாச்சாரம் இல்லை. எட்டுவது காலண்டர். அதனால்தான் காலண்டர் ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறேன்.

நகல் என்றால் மட்டம் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1411 புத்தாண்டுக்கு லிம்பூர் சகோதரர்கள் கோமகனுக்குக் கொடுத்த பரிசு ஒரு பொய்ப் புத்தகம். மரக்கட்டையைப் புத்தகம் போலவே வண்ணம் தீட்டிக் கொடுத்தார்கள், உள்ளே ஒரு தாளும் கிடையாது. கோமகனின் சொத்துப் பட்டியலில் அதுவும் ஏறியிருக்கிறது. ஜனவரி ஓவியத்தில் வருவதும் அதே புத்தாண்டு விருந்துதான். ‘வாருங்கள், வாருங்கள்’ என்று அழைக்கிற சொல்லைக் கோமகனின் தலைக்குப் பக்கத்தில் பொன்னெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். புத்தாண்டுக்குக் காலண்டர் கொடுக்கிற நம் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் வேறு உண்டா?

இனி தொழில் பேச்சு கொஞ்சம். இந்த ஓவியங்களை அச்சில் கொண்டுவருவதில் இரண்டு உண்மையான கஷ்டங்கள். ஒன்று அந்த நீலம். ஆப்கானிஸ்தானில் வெட்டியெடுத்த நீலக்கல்லை அரைத்துச் செய்தது. சாதாரண நான்கு வண்ண ஆஃப்செட் அச்சில் சயான் என்ற இளநீல மையும் மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மையும் சேர்ந்துதான் அதைக் காட்ட வேண்டும். மெஜந்தா கொஞ்சம் ஏறினால் ஊதா, குறைந்தால் வெளிறிய வானம். இரண்டாவது தங்கம். தங்க இலையையும் தங்கப் பொடியையும் நான்கு வண்ணத்தில் அடித்தால் மண்நிறம்தான் வரும். இதைச் சரிக்கட்ட சிலர் கண்ட இடத்தில் எல்லாம் ஃபாயில் ஒட்டி ஜிகினா அட்டையாக்கிவிடுகிறார்கள். ஐந்தாவது வண்ணமாகத் தங்க மை ஓட்டலாம், சிவகாசியில் கேட்டால் அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பார்கள். பளபளப்பு லேமினேஷன் வேண்டவே வேண்டாம். தோலில் வரைந்த ஓவியத்துக்கு மேட் தாள்தான் சரி.

என் விருப்பப் பட்டியல் பெரியது இல்லை. நிமிர்ந்த செவ்வகமாகவே அச்சிடுங்கள். வளைவோடு முழு ஓவியம் வேண்டும். எதிர்ப் பக்கத்தில் இருக்கும் நாள் அட்டவணையையும் ஒரு தடவையாவது காட்டுங்கள். புனிதர்களின் திருநாட்களோடு, அன்றன்று பகல் எத்தனை மணி எத்தனை நிமிடம் என்றுகூட அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். காலண்டர் வாங்குகிறவருக்கு அது பிடிக்காமல் போகுமா? யார் வரைந்தது, எங்கே இருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் நீங்களே செய்துகொள்ளலாம். விக்கிமீடியா காமன்ஸில் பன்னிரண்டு மாதமும் பெரிய அளவில் கிடைக்கிறது. உரிமைக்காலம் முடிந்த ஓவியத்தை உள்ளபடியே எடுத்த படத்துக்குப் புதிதாகப் பதிப்புரிமை கிடையாது என்று ஐரோப்பிய ஒன்றியமே 2019 நெறிமுறையில் சொல்லிவிட்டது. அப்புறம் ஒரு அதிர்ஷ்டம்: கையெழுத்துப் பிரதியின் பக்கம் ஏறத்தாழ 29க்கு 21 செ.மீ., கிட்டத்தட்ட நம் ஏ4. கோமகன் கையில் பிடித்த அதே அளவில் உங்கள் தெரு முனைக் கடையிலேயே எடுக்கலாம். சில கோப்புகளில் ஓரம் இல்லாமல் ஓவியம் மட்டும் இருக்கும். அப்படியானால் தாள் நிறைய இழுக்காமல், 22.5 செ.மீ. உயரம் வைத்து நடுவில் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் கனமான மேட் தாள் கேளுங்கள். முதலில் பிப்ரவரியை ஒரு தாள் ஓட்டிப் பாருங்கள். பனி சாம்பல் பூத்து வந்தால் கடைக்காரரிடம் கறுப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு மிச்சம் பதினொன்றையும் எடுங்கள்.