பேக்கப் கேமராவாக ஒரு தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்

பணம் வாங்கிக்கொண்டு படம் எடுக்கும் எவரும் ஒற்றைக் கேமராவை மட்டும் நம்பி ஒரு நிகழ்ச்சிக்குப் போகக் கூடாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அந்த இரண்டாவது கேமரா எது என்று கேட்டால்தான் கருத்துகள் பிரிகின்றன. முதல் கேமராவைப் போலவே இன்னொன்றை வாங்க வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். கையில் கிடக்கும் பழையது எதுவானாலும் பையில் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார்கள் மற்றவர்கள். இவற்றுக்கு நடுவில், நிக்கான் டி3500, கேனான் 1500டி போன்ற தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களை (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்களை) பலரும் பொருட்படுத்துவதே இல்லை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேக்கப்புக்கு அவை தாராளமாகப் போதும், ஆனால் முதல் கேமராவின் லென்ஸ்களை மாட்டி முழுமையாக இயக்க முடிந்தால் மட்டுமே.

படத்தின் தரம்தான் பலருக்கும் முதல் கவலை. உண்மையில் கடைசியாகக் கவலைப்பட வேண்டியது அதுதான். 2018இல் வந்த டி3500இன் சென்சார் 24.2 மெகாபிக்சல் கொண்டது. போதிய வெளிச்சத்தில், நல்ல லென்ஸோடு, ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுத்த படத்தை ஆல்பத்தில் அச்சிட்டுவிட்டால், அது எந்தக் கேமராவில் எடுத்தது என்று பார்ப்பவர்களால் கண்டுபிடிக்க முடியாது. பேட்டரியும் கார்டும் சேர்த்து அதன் எடை 415 கிராம். அதே நிறுவனத்தின் உயர்நிலை டி850 பேட்டரியோடு ஒரு கிலோவைத் தாண்டிவிடும். நாள் முழுவதும் இரண்டு கேமராக்களைத் தோளில் சுமப்பவருக்கு இந்த வேறுபாடு மாலைக்குள் நன்றாகவே புரிந்துவிடும்.

ஆனால் ஸ்டெப்னி டயர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அந்த வண்டியில் மாட்ட முடிந்தால்தானே பயன்? கேனானின் இஎஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) கொண்ட ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா வைத்திருப்பவர் தம் இஎஃப் லென்ஸ்களை எல்லாம் 1500டியில் மாட்டலாம். 1500டியோடு வந்த இஎஃப்-எஸ் கிட் லென்ஸை மட்டும் பெரிய கேமராவில் மாட்ட முடியாது. நிக்கானில் சிக்கல் வேறு மாதிரியானது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் பாடிக்குள் (லென்ஸ் நீங்கலான கேமராவுக்குள்) ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே, சொந்த மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி லென்ஸ்கள் அவற்றில் மாட்டும், வெளிச்சத்தை அளக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்பியாக வேண்டும். கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராவான மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் வழியாக மிரர்லெஸ்ஸில் பயன்படுத்தலாமே தவிர, மிரர்லெஸ்ஸுக்கென்றே வரும் கேனானின் ஆர்எஃப் லென்ஸையோ நிக்கானின் இசட் லென்ஸையோ டிஎஸ்எல்ஆரில் மாட்ட வழியே இல்லை. உங்கள் லென்ஸ்கள் முழுக்கப் புதிய மவுண்டுக்கு மாறிவிட்டன என்றால், தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் உங்களுக்குப் பேக்கப் அல்ல. தனக்கென்று வேறு லென்ஸ்கள் கேட்கும் இன்னொரு கேமரா.

லென்ஸ் பொருந்திவிட்டாலும் அது காட்டும் பரப்பு ஃபுல் ஃப்ரேமைவிடக் குறுகிவிடும். நிக்கானின் சிறிய சென்சாரில் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு என்ற கணக்கில், 24-70 மி.மீ. லென்ஸ் நிக்கானில் 36-105 போலவும் கேனானில் ஏறத்தாழ 38-112 போலவும் நடந்துகொள்ளும். சிறிய அறைக்குள் இருபது பேரை நிற்கவைத்துக் குழுப்படம் எடுக்கும் நேரத்தில் பின்னால் சுவர்தான் இருக்கும், நகர இடம் இருக்காது. அதனால்தான் எல்லோரும் அலமாரியில் போட்டுவைக்கும் அந்த 18-55 கிட் லென்ஸைப் பேக்கப் பாடியோடு சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மறுபக்கம், 70-200 லென்ஸை நிக்கானின் சிறிய பாடியில் மாட்டினால் 105-300க்கு உரிய நெருக்கம் கிடைக்கிறது. மேடை நிகழ்ச்சிகளில் டெலி லென்ஸை இரண்டாவது பாடியிலேயே மாட்டிவைத்து எடுப்பது என் வழக்கம். லென்ஸ் மாற்றும் நேரம் மிச்சமாவதோடு, அந்தக் கேமரா பையில் தூங்காமல் கைப்பழக்கத்திலும் இருக்கிறது.

போதிய அளவு பேசப்படாத ஒரு குறை ஃபோகஸைப் பற்றியது. நடுத்தர, உயர்நிலை டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில், ஒரு லென்ஸ் சற்று முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் செய்தால் அதை மெனுவிலேயே திருத்திக்கொள்ளும் வசதி உண்டு; தொடக்கநிலைப் பாடிகளில் அது இல்லை. பெரிய கேமராவில் திருத்திவைத்து, கண் இமைகள் தெளிவாகப் பதியும்படி பழகிய, துளை அகன்ற எஃப்/1.8 லென்ஸைச் சிறியதில் மாட்டினால், கண் மங்கிக் காது தெளிவாக விழக்கூடும். கேமராவின் சின்னத் திரையில் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. ஆகவே வீட்டிலேயே முக்காலியில் கேமராவை நிறுத்தி, சாய்வாக வைத்த அளவுகோல் ஒன்றை அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்து படம் எடுத்து, ஒவ்வொரு லென்ஸையும் சோதித்துக்கொள்ளுங்கள். பிழை தெரிந்தால், அசையாத பொருள்களுக்கு லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) ஃபோகஸ் செய்யலாம். மற்ற இடங்களில் துளையை எஃப்/4க்குக் குறைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். டி3500இன் 11 ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே கிராஸ் வகை (குறுக்கும் நெடுக்குமாகப் பார்த்து ஃபோகஸ் செய்வது) என்பதால், மங்கிய வெளிச்சத்தில் அதை நம்புவதே நல்லது.

ஃபிளாஷ் பயன்படுத்துபவர்கள் வாங்கும் முன் ஹாட் ஷூவை (கேமராவின் மேல் ஃபிளாஷ் செருகும் இடத்தை) குனிந்து பார்க்க வேண்டும். கேனான் 250டியில் நடுவில் இருக்க வேண்டிய தொடுமுனையே இல்லை. அந்த ஒரு முனையை மட்டும் நம்பி இயங்கும் சாதாரண ஃபிளாஷ்களும் டிரிக்கர்களும் அதில் எரியாது. மிக வேகமான ஷட்டரோடும் ஃபிளாஷை எரியவிடும் ஹை ஸ்பீட் சிங்க் டி3500இல் கிடையாது. ஃபிளாஷோடு 1/200 நொடிக்கு மேல் வேகம் கூடாது.

தொடக்கநிலைப் பாடிகளில் கார்டு ஸ்லாட் ஒன்றே ஒன்றுதான். இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் எழுதிப் பழகியவர்கள், பேக்கப்பில் எடுக்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை நினைவில் கொண்டு, இடைவேளை கிடைத்ததும் கார்டை மாற்றிவிடுவது நல்லது. பேட்டரியும் பெரும்பாலும் வேறாகவே இருக்கும். 1500டிக்கு எல்பி-இ10, 5டி மார்க் 4க்கு எல்பி-இ6 வகை. இரண்டு சார்ஜர்களைச் சுமப்பதைத் தவிர்க்க முடியாது. கிளம்பும் முன் இரண்டு கேமராக்களின் கடிகாரங்களையும் நொடி பிசகாமல் ஒன்றாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணினியில் நேர வரிசைப்படி அடுக்கும்போது நிகழ்ச்சி முன்னும் பின்னுமாகக் கலந்துபோகும். இரண்டு கேனான்களுமே கோப்புக்கு ஐஎம்ஜி என்றே பெயரிட்டால், ஒரே எண்ணுள்ள படங்கள் ஒரே ஃபோல்டரில் மோதிக்கொள்ளும். ஆகவே தனித்தனி ஃபோல்டரில் இறக்குங்கள்.

இதற்கெல்லாம் பதிலாக, நிக்கான் டி7200 போன்ற பழைய நடுத்தரப் பாடியை வாங்கலாமே என்று கேட்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. 2015இல் வந்த அந்தக் கேமராவில் பாடிக்குள்ளேயே மோட்டார், இரண்டு எஸ்டி ஸ்லாட்டுகள், ஃபோகஸ் திருத்தும் வசதி எல்லாம் உண்டு. டி3500இன் தயாரிப்பும் நின்றுவிட்டதால், இரண்டையும் பெரும்பாலும் பயன்படுத்திய நிலையில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஏஎஃப்-டி லென்ஸ்கள் வைத்திருப்பவருக்கு நானும் டி7200ஐத்தான் சொல்வேன். மற்றவர்கள் ஷட்டர் எண்ணிக்கையை (அதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை) பார்த்து முடிவெடுக்கட்டும். தொழில்முறையில் ஓடித் தேய்ந்த நடுத்தரப் பாடியைவிட, யாரோ ஆசைக்கு வாங்கி அதிகம் தொடாமல் வைத்திருந்த தொடக்கநிலைப் பாடியை நான் கூடுதலாக நம்புவேன்.

தொடக்கநிலைப் பாடி எதை வாங்கினாலும், ஒற்றை டயலுக்கு விரல்களைப் பழக்கிக்கொள்ளுங்கள். மேனுவல் மோடில் டயல் ஷட்டரை மட்டுமே மாற்றும். அபெர்ச்சரை மாற்ற, ஷட்டர் பட்டனுக்கு அருகிலுள்ள எக்ஸ்போஷர் பட்டனை டி3500இல் அழுத்திப் பிடித்தபடி டயலைச் சுற்ற வேண்டும். பரபரப்பான நேரத்தில் இது கைக்கு வராது. அதனால் என் பேக்கப் கேமரா எப்போதும் அபெர்ச்சர் பிரியாரிட்டி (துளையை மட்டும் நாம் தேர்ந்தெடுப்பது), ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் கேமராவே முடிவுசெய்வது), குறைந்தபட்ச ஷட்டர் 1/125 நொடி, ரா என்ற அமைப்பிலேயே காத்திருக்கிறது. முதல் கேமரா நின்றுபோனால் லென்ஸை மாற்றி, அபெர்ச்சரை மட்டும் தேர்ந்தெடுத்து, அடுத்த படத்தை எடுத்துவிடலாம்.