விலையை எங்கள் கண்முன்னே எழுதட்டும்

போரால் மூடிக்கிடந்த கண்டி–யாழ்ப்பாணம் ஏ-9 பாதை 2002 இல் திறந்த பிறகு யாழ்ப்பாணத்துச் சந்திகளில், காசு கட்டித் தொலைபேசியில் பேசும் கொமியூனிகேஷன் கடைகள் மளமளவென்று முளைத்தன. அப்படியொரு கடையின் சுவரில் ‘வெளிநாட்டு அழைப்பு அரைவிலை’ என்று பெரிதாக ஒட்டியிருந்தார்கள். அதை நம்பி அம்மா கனடாவிலிருந்த மாமாவுடன் ஆறுதலாகப் பேசினார். பேசி முடித்ததும் முழுவிலை கேட்டார்கள். இரவு பத்து மணிக்குப் பிறகுதான் கழிவு (விலைக்குறைப்பு) என்று சுவரொட்டியின் அடியில் எறும்பளவு ஆங்கில எழுத்தில் இருந்தது. அந்தக் கடை எட்டு மணிக்கே பூட்டிவிடும்! கடைசி நிமிடத்தில் இரண்டு செக்கன்தான் பேசியிருந்தார்; அதற்கும் முழு நிமிடக் காசு. மீன் வாங்க வைத்திருந்த பணமும் அங்கேயே போனது.

கடைக்காரரை நான் நோகமாட்டேன். சுவரொட்டி தொலைபேசி நிறுவனத்துடையது.

போட்டி வந்தால் விலை தானாக இறங்கும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொதுத் தொலைபேசியில் நிறுவனங்கள் பிடிக்க முயல்வது பேசுபவரை அல்ல, தொலைபேசி வைக்க இடம் கொடுப்பவரை. கூடிய கொமிஷன் தருபவருக்கே இடம் கிடைக்கும். அந்தக் கொமிஷனை யார் கட்டுவது? அவசரத்துக்கு ஓடி வந்து, அடுத்த சந்திக்குப் போய் விலை விசாரிக்க நேரமில்லாதவர்தான். அமெரிக்காவில் இதே கொமிஷன் போட்டியால் ஹோட்டல்களிலும் விமான நிலையங்களிலும் கட்டணம் ஏறியது. அழைப்பை இணைக்குமுன் நிறுவனம் தன் பெயரைச் சொல்லவேண்டும், கேட்டால் கட்டணத்தையும் சொல்லவேண்டும் என்று 1990 இல் அங்கே சட்டம் வந்தது. 1997 இல் பொதுத் தொலைபேசியின் உள்ளூர் அழைப்புக் கட்டணத்தைச் சந்தையிடமே விட்டார்கள். பல இடங்களில் 25 சதம் 35 சதமாகியது.

இலங்கையில் எங்களுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1996 இலிருந்து இருக்கிறது. தமிழ் அரச கரும மொழி என்று 1987 இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. ஆகவே நான் கேட்பது பெரிய சலுகையல்ல. கழிவு எந்த நேரத்துக்கு, எந்த நாட்டுக்கு, நிமிடக் கணக்கா செக்கன் கணக்கா என்பதைக் கழிவு விலை அச்சிட்ட அதே அளவு எழுத்தில், தமிழிலும் போடவேண்டும். போடாத விளம்பரத்தைச் சுவரிலிருந்து கழற்றவேண்டும். கூடுதலாக வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

பழங்கதை என்று தள்ளாதீர்கள். போன கிழமை அம்மாவின் கைத்தொலைபேசிக்கு ஒரு டேட்டா சலுகைச் செய்தி வந்தது. அதில் பாதிக்கு மேல் நள்ளிரவுக்குப் பிறகு மட்டுமே பாவிக்கலாம். அம்மாவுக்கு இப்போது 74 வயது. ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார்.