9800 என்பது லேப்டாப்பில் தட்டிப் போடுகிற எண் அல்ல

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதைப் போட்டவர்கள் என் பின்னூட்டத்தை நீக்கிவிட்டு, அதற்குக் கீழே என்னை ஏசியவற்றை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பார்த்தவர்களுக்குத் தெரியும். டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டி சக்தியை அளக்கும் கருவி) கட்டிவைத்த ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் கார். நிமிடத்துக்கு 9000 சுற்றில் நிற்க வேண்டிய இன்ஜின், லேப்டாப்பில் எல்லையை ஏற்றிவிட்டதால் 9800 வரை அலறுகிறது. சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். உள்ளே ஒரு பாகத்தையும் மாற்றவில்லையாம், எல்லாம் கம்பெனி சாமானாம். அதையே பெருமையாகச் சொல்கிறார்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: வால்வை மூடும் ஸ்பிரிங்கையாவது மாற்றினீர்களா? அதற்குப் பதில் வரவில்லை. பயந்தாங்கொள்ளி, பொறாமைக்காரன் என்ற பட்டங்கள்தான் வந்தன.

ரெவ் லிமிட்டை, அதாவது இன்ஜின் சுற்றின் உச்சவரம்பை, கூட்டுவது குற்றம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. பாகத்தை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றாதீர்கள் என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

எஸ்2000-இன் எஃப்20சி இன்ஜினில் பிஸ்டன் மேலிருந்து கீழே 84 மில்லிமீட்டர் போகிறது. 9000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) என்றால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு வினாடிக்கு 150 முறை சுற்றுகிறது. அந்த ஒரு வினாடிக்குள் ஒவ்வொரு பிஸ்டனும் 300 முறை நின்று, திரும்பி, மறுபடி ஓட வேண்டும். சராசரி வேகமே வினாடிக்கு 25.2 மீட்டர். சாலையில் ஓடும் கார்களில் இதைத் தொட்டவை மிகக் குறைவு. ஹோண்டாவின் பொறியாளர்கள் விளிம்பு வரைக்கும் போய்த்தான் அந்த 9000-ஐ நமக்குக் கொடுத்தார்கள். பிஸ்டனை இழுத்துப் பிடித்து நிறுத்தும் கனெக்டிங் ராடின் மீதும் அதன் போல்ட்டுகளின் மீதும் விழும் விசை, சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 9000-ஐ 9800 ஆக்கினால் கூடுவது 9 சதவீதம்தானே என்று நினைக்கிறீர்கள். போல்ட்டுக்கு அது கிட்டத்தட்ட 19 சதவீதம். அந்தப் போல்ட் உங்கள் லேப்டாப்பைப் பார்த்ததில்லை.

இத்தனையும் எதற்காக? ஜப்பானில் விற்ற எஸ்2000 தன் 250 குதிரைத்திறனை 8300-லேயே கொடுத்துவிடுகிறது. கேம், ஹெட், இன்டேக் என்று காற்றை உள்ளே விடும் பாகம் எதையும் தொடாமல் 9800 வரை இழுத்தால், உச்சத்தைத் தாண்டிய பிறகு இன்னும் 1500 சுற்று. அங்கே சத்தம் கூடும், சக்தி இறங்கும். வீடியோவில் டைனோ வரைபடத்தின் வலது ஓரம் ஏன் திரைக்கு வெளியே போனது என்று இதற்குப் பிறகாவது கேளுங்கள்.

அமெரிக்காவுக்கு 2004 மாடலில் ஹோண்டா என்ன செய்தது தெரியுமா? பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக்கை 90.7 மில்லிமீட்டராக நீட்டியது. நீட்டிய கையோடு சுற்றின் எல்லையான ரெட்லைனை 8000 பக்கமாக இறக்கியது. சக்தி, அமெரிக்கக் காரில் முன்பிருந்த அதே 240 குதிரைத்திறன். இழுவிசை கூடியது. அந்த இன்ஜினைச் செய்தவர்களே ஸ்ட்ரோக் நீண்டதும் சுற்றைக் குறைத்திருக்கிறார்கள். அவர்களையும் பயந்தாங்கொள்ளி என்பீர்களா?

சுற்றைக் கூட்ட வேண்டுமானால் எப்படிக் கூட்டுவது என்பதற்கும் கண்முன்னே உதாரணம் இருக்கிறது. மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 2 லிட்டர் இன்ஜினில் 2019 மாடலுக்கு ரெட்லைனை 6800-லிருந்து 7500-க்கு ஏற்றினார்கள். அதற்காக ஒவ்வொரு பிஸ்டனிலும் 27 கிராம், ஒவ்வொரு கனெக்டிங் ராடிலும் 41 கிராம் குறைத்தார்கள். காற்று போகும் வழியையும் பெரிதாக்கினார்கள். 700 சுற்றுக்காக ஒரு நிறுவனம் கிராம் கணக்குப் பார்த்திருக்கிறது. இங்கே 800 சுற்று ஒரு மதியத்தில் முடிந்துவிட்டதாம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். எனக்குத் தம்பி முறையாகும் ஒருவன் பல ஆண்டுகள் காசு சேர்த்து, மீதிக்குக் கடன் வாங்கி, பழைய எஸ்2000 ஒன்றை வாங்கினான். வெளியே பளபளவென்று இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் மட்டும் மேலே மெல்லிய டிக் டிக் சத்தம். இங்கே மலேசியாவில், கிள்ளானில் எங்களுக்குத் தெரிந்த பட்டறைக்கார அண்ணன் வால்வு கவரைக் கழற்றி, டார்ச்சைக் கிட்டே பிடித்து, ஒவ்வொரு ஸ்பிரிங்காகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் டார்ச் நின்றது. ஸ்பிரிங்கின் தலையில் உட்கார்ந்து வால்வைப் பிடித்து வைக்கும் ரிடெய்னர், நடுவில் லேசாகக் கீழே அமுங்கியிருந்தது. அந்தக் குழியிலிருந்து விளிம்பை நோக்கி முடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் விரிந்திருந்தால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்திருக்கும், பிஸ்டன் அதை நசுக்கியிருக்கும். முன்பு அந்தக் காரை வைத்திருந்தவர் எல்லைக்கு மேலே ஓட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல விற்றுவிட்டார். அவர் ஓட்டிப் பார்த்த சுகத்துக்குப் பணம் கட்டியவன் இவன்.

அதனால்தான் கேட்டேன், ஐயா. ஆரம்பகால எஸ்2000-இல் அந்த ரிடெய்னர் பலவீனமான இடம் என்பதும், 2004-க்குப் பிந்தைய காரின் ரிடெய்னரை வாங்கிப் போடுவது நல்லது என்பதும் இந்தக் காரை வைத்திருக்கும் பலருக்கும் தெரிந்த செய்தி. ஊரறிந்ததைக் கேட்டால் பொறாமையா?

"ஃபார்முலா ஒன் இன்ஜின் 18000 சுற்றவில்லையா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். சுற்றியது. அந்த 2.4 லிட்டர் வி8-இன் ஸ்ட்ரோக் 40 மில்லிமீட்டருக்குப் பக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 18000-இல் அதன் பிஸ்டனின் சராசரி வேகம் எஸ்2000 9000-இல் ஓடுவதைவிடக் குறைவு. வால்வை மூட அதில் ஸ்பிரிங்கே கிடையாது, அழுத்தப்பட்ட வாயு.

"கம்பெனி எப்போதும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைக்கும்" என்கிறார்கள். வைக்கும். அது கியர் தவறுகிற நாளுக்காக வைத்த இடம். மூன்றாவது கியரில் 9000-இல் போகும்போது நான்காவதுக்குப் பதில் இரண்டாவது விழுந்துவிட்டால், சக்கரமே இன்ஜினைப் பிடித்து 12000-க்கு மேல் சுற்றிவிடும். பெட்ரோலை நிறுத்துகிற எந்த லிமிட்டராலும் அதைத் தடுக்க முடியாது. அந்த இடத்தையும் நீங்களே தின்றுவிட்டீர்கள். அதுவும் இருபது வயது தாண்டிய இன்ஜினில்.

"அவன் கார், அவன் காசு, உனக்கென்ன?" டைனோவில் சில வினாடிகள் இழுப்பது வேறு. செப்பாங்கில் 5.543 கிலோமீட்டர் பந்தய ஓடுதளத்தில், அந்த இரண்டு நீண்ட நேர்பாதைகளிலும் சுற்றுக்குச் சுற்று அதே எல்லையில் வைத்திருப்பது வேறு. ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்தால் எண்ணெய் தரையில்தான் கொட்டும். பின்னால் வருகிறவன் அதில்தான் சக்கரத்தை வைப்பான். அவனுடைய காசு இதில் எங்கே வந்தது?

பத்தாயிரம் சுற்றுகிற எஸ்2000-கள் உலகத்தில் இல்லையா என்றால், இருக்கின்றன. ஸ்பிரிங், ரிடெய்னர், ராட், பிஸ்டன் எல்லாம் மாற்றிக் கட்டியவை. அப்படிக் கட்டுபவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த வேலை மாதக்கணக்கில் நடக்கும், கைதட்டு கிடைக்காது.

உண்மையில் எனக்கு வலித்தது ஏச்சு அல்ல. அந்த ரிடெய்னரின் விரிசலைக் கண்டுபிடித்த அண்ணனைப் போன்றவர்களை இப்போது யாரும் தேடுவதில்லை. கை முழுக்க கிரீஸோடு வால்வு இடைவெளி பார்க்கிறவர் பழைய ஆளாம். ஒரு கோப்பைத் திறந்து எண்ணை மாற்றுகிறவர் நிபுணராம். வீடியோவில் வந்த எஸ்2000-இன் சொந்தக்காரத் தம்பிக்கு இதை யாராவது சொன்னார்களா? கையெழுத்து வாங்கும்போதாவது, "உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்பதை வாய்விட்டுச் சொன்னார்களா?

தம்பி, இதைப் படித்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். முதலில் லிமிட்டைப் பழையபடி 9000-க்கு இறக்கச் சொல்லுங்கள். வால்வு கவருக்குப் புது கேஸ்கெட் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை கிள்ளானுக்கு வாருங்கள். பதினாறு ரிடெய்னரையும் சேர்ந்தே பார்ப்போம், கூலி வேண்டாம். ஒன்றும் ஆகவில்லை என்றால் அதையும் இதே பக்கத்தில் படத்தோடு போடுகிறேன்.