முருகனைப் பற்றித்தான் கேட்டேன்

ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்ததை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதிவிட்டீர்கள், இன்பாக்ஸில் வேறு விசாரிக்கிறீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் போட்ட மலையாளப் படம் ‘கும்பளங்கி நைட்ஸ்’ மோசமான படம் என்று நான் சொல்லவில்லை. ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. அதில் செத்துப்போகிற தமிழன் முருகனைப் பற்றிக் கேட்டேன். அதற்கு ஒருவர் “உங்களுக்குத் தமிழன் செத்தது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமா” என்றார், அரங்கம் சிரித்தது, மைக் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. பாதி வாக்கியத்தோடு உட்கார்ந்தேன். மீதிப் பாதி இதுதான்.

அந்தப் படத்தை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். 2019-இல் வெளிவந்த வாரமே தியேட்டரில் பார்த்தேன். ஒட்டாத அண்ணன் தம்பிகளைப் பற்றி எத்தனையோ படம் வந்திருக்கிறது, எல்லாவற்றிலும் ஒரு சொத்து இருக்கும், ஒரு துரோகம் இருக்கும், கோள்மூட்டுகிற ஒரு மருமகள் இருப்பாள். இதில் ஒன்றுமே இல்லை. பூசாத சுவரும் கதவில்லாத வாசலுமாக ஒரு வீடு, அதில் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கூசுகிற நான்கு பேர். கடைக்குட்டி பிராங்கியை ஸ்கூல் நண்பர்கள் லீவுக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்று கேட்கும்போது, வீட்டில் எல்லோருக்கும் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறான். அந்த ஒரு பொய் போதும். சொந்த அண்ணன்களை நோய் என்று சொல்லி மறைக்கிற பையனின் முகத்தை எழுதத் தெரிந்தவர் ஷ்யாம் புஷ்கரன். அதற்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

அப்புறம் சஜி. அழுகை வராமல் உள்ளுக்குள்ளேயே இறுகிப்போய், என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போகிறாயா என்று பள்ளிக்கூடம் போகிற தம்பியிடம் மூத்த அண்ணன் கேட்கிறான். டாக்டரின் நெஞ்சில் சாய்ந்து சட்டை நனைய அழுகிறான். சௌபின் ஷாஹிரை அதற்கு முன்னால் நான் சிரிப்பு நடிகராகத்தான் வைத்திருந்தேன். நம் வீடுகளில் எந்த அண்ணன் தம்பியிடம் அப்படிக் கேட்டிருக்கிறான்? எந்தக் கதாநாயகன் கேட்டிருக்கிறான்? இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை முதலில் சொல்லிவிட்டுத்தான் கேள்விக்கு வந்தேன். சொன்னதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, சரி.

சஜிக்கு அந்த அழுகை எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி. முருகன் செத்ததால் வந்தது. முருகன் யார்? இஸ்திரி போட்டுப் பிழைக்கிற தமிழ்நாட்டுக்காரன். சஜி அவன் உழைப்பில் ஒட்டிக்கொண்டு குடித்துக் காலத்தை ஓட்டுகிறான். அதை ஒருநாள் முருகன் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். சஜி தூக்கு மாட்டிக்கொள்ளப் போகிறான், காப்பாற்றப் போன முருகன் செத்துப்போகிறான். வீட்டில் அவன் மனைவி சதி பிள்ளைத்தாய்ச்சி. ரமேஷ் திலக்கும் ஷீலா ராஜ்குமாரும் கிடைத்த சில நிமிடத்தில் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு படம் முருகன் பக்கம் திரும்பவே இல்லை. அவன் சாவு சஜியைத் திருத்துகிறது, சஜி திருந்தினதும் தம்பிகள் சேருகிறார்கள், சதி கைக்குழந்தையோடு இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள், வீட்டுக்கு ஒரு வெளிச்சமும் வந்துவிடுகிறது. நான்கு பேர் சேருவதற்கு ஐந்தாவது ஆள் ஒருத்தன் செத்திருக்கிறான். அந்த ஐந்தாவது ஆளுக்கு ஊர் எது, பெற்றவள் உயிரோடு இருந்தாளா, பிணத்தை எங்கே கொண்டுபோனார்கள், ஒன்றும் என் மனதில் நிற்கவில்லை. நான்கு முறை பார்த்தும் நிற்கவில்லை.

“சஜி குற்றவுணர்ச்சியில்தானே தவிக்கிறான், அதைவிட என்ன வேண்டும்” என்கிறீர்கள். குற்றவுணர்ச்சி சஜியுடையது. அவனுக்கு அழ ஒரு டாக்டர் கிடைத்தார். சதி யார் நெஞ்சில் சாய்ந்து அழுதாள்? புருஷன் எவனால் செத்தானோ அவன் வீட்டில் போய் இருக்க ஒரு பெண் சம்மதிக்கிறாள் என்றால் அது எவ்வளவு பெரிய சம்மதம். கோபமோ போக்கிடமின்மையோ, ஏதோ ஒன்று அவளுக்குள் நடந்திருக்க வேண்டும். அதை ஒரு காட்சியில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். இரண்டேகால் மணி நேரப் படத்தில் அதற்கு இடமில்லையா?

தமிழ்ப் படங்களில் மலையாளிகளை நாம் எப்படிக் காட்டினோம் என்று கேட்டவர்களுக்கு: கேவலமாகத்தான் காட்டினோம். டீக்கடைச் சேட்டனும் முண்டு கட்டின சேச்சியுமாக வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறோம், அது தப்பு. அதனால் இதைக் கேட்கக் கூடாதா? முருகன் தமிழன் என்பதற்காக நான் கேட்கவில்லை. அவன் வங்காளத்தில் இருந்து வந்திருந்தாலும் கேட்டிருப்பேன். பிழைக்க வந்தவன் என்பதால்தான் கதையில் அவன் உயிர் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்கிறேன்.

“கதைக்குத் தேவை சார்” என்று எழுதியவருக்கு என்னிடம் பதில் இல்லை. கதைக்குத் தேவை என்றால் யாரை வேண்டுமானாலும் கொல்லலாம் போல.

படத்தின் வில்லன் ஷம்மி விஷயத்திலும் எனக்கு இந்தக் குறைதான். தம்பிகளில் ஒருவன் காதலிக்கிற பெண்ணின் அக்கா புருஷன் அவர். முதல் காட்சியில் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் பொட்டை பிளேடால் சுரண்டி எடுக்கிறார் ஷம்மியாக வருகிற ஃபகத் பாசில். பொம்பளை வைத்த ஒரு பொட்டுகூடத் தன் முகத்துக்குக் குறுக்கே வரக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் தலைமாட்டு நாற்காலியைப் பிடிக்கிறவர், சிரித்துக்கொண்டே மிரட்டுகிறவர். இப்படி ஒரு மாமாவோ மச்சினனோ இல்லாத வீடு எது? கடைசியில் அவரைப் பைத்தியமாக்கி வலைபோட்டுப் பிடித்துவிட்டார்கள். நம் வீட்டு ஷம்மிகள் எல்லோரும் நிம்மதியாகக் கைதட்டினார்கள், நாம் அப்படியில்லையே என்று. அதுவரைக்கும் கூசி உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

சரி, சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று என் மனைவியும் கேட்டாள்.

எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் 11 வருஷம் பேசவில்லை. தாத்தா வீட்டைப் பாகம் பிரித்ததில் வந்த சண்டை. பெரியப்பா அம்பாசமுத்திரத்தில், நாங்கள் கல்லிடைக்குறிச்சியில், நடுவில் தாமிரபரணி. பாலத்தைத் தாண்டினால் வீடு. இரண்டு பேரும் தாண்டவில்லை. தாண்டினது அத்தை, அவர்கள் கூடப் பிறந்தவள். பச்சையும் வெள்ளையுமாகப் பின்னின ஒரு ஒயர்கூடை வைத்திருப்பாள், அதன் ஒரு பிடி அறுந்து துணியால் சுற்றியிருக்கும். அங்கே முறுக்கு சுட்டால் எங்களுக்கு வரும், இங்கே பொங்கல் படி வைத்தால் அங்கே போகும். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அங்கே சொல்லுவாள், அண்ணன் கேட்டாரு என்று இங்கே வந்து சொல்லுவாள். அவர் கேட்டிருக்கவே மாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அத்தை செத்த அன்றைக்கு நீர்மாலை எடுத்துவிட்டு வரும்போது பெரியப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஊரே அழுதது. “போகும்போதும் அண்ணன் தம்பிய சேத்து வெச்சிட்டுல்லா போயிருக்கா” என்று வந்தவர்கள் எல்லாம் இதையே சொன்னார்கள். அத்தைக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டவர்கள் குறைவு. அத்தை மகள், எனக்கு மதினி முறை, திண்ணைத் தூணில் சாய்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொந்தத்தில் ஒருத்தர் காபி தம்ளரைக் கையில் திணித்து, உள்ளே போம்மா, இன்னைக்கு ஏன் அதெல்லாம் என்று அனுப்பிவிட்டார். நானும் அங்கேதான் நின்றேன். எனக்கும் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்ததுதான் அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மைக் போன ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து மதினிக்கு போன் போட்டேன். அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க என்று கேட்டேன். எந்த அன்னைக்கு என்று அவள் கேட்கவில்லை.

“எங்கம்மாவுக்கு கடைசி ரெண்டு வருஷம் மூட்டு வீங்கிக் கிடந்துச்சு. அந்தக் காலோடதான் பாலத்துல நடந்தா. ரெண்டு மாமாவுல ஒருத்தராவது ஒரு நாளு சைக்கிள்ல கொண்டாந்து விட்டாவளான்னு கேக்கணும்னு நெனச்சேன். அவ்வளவுதான் தம்பி.”