குறிஞ்சித் தாளில் ஆண்டையும் பாருங்கள்

ஹெர்பேரியத் தாள்களை, அதாவது செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டிச் சேமித்த தாள்களை வைத்து, நீலக்குறிஞ்சி எங்கெல்லாம் இருந்தது என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் வரைபடம் போட்டிருப்பது அருமை. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இது 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி. மூணாறில் 1994, 2006, 2018இல் பூத்தது. சேகரிப்பவர்கள் பெரும்பாலும் பூத்த கிளையைத்தான் ஒடித்து, தாளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். அதனால் இடைப்பட்ட ஆண்டுகளில் தாள் இல்லையென்றால் அங்கே செடியே இல்லை என்று ஆகிவிடாது.

அப்புறம், 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் செடிகளை ஆராய்ந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட் சேகரித்த தாள்கள் பலவற்றில் ஊர்ப்பெயரே கிடையாது. இந்தியத் தீபகற்பம் என்று லத்தீனில் அச்சடித்த சீட்டு மட்டும்தான். அதை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குத்துவது தப்பு. தாள்களை இணையத்தில் ஏற்றுபவர்கள் அந்தச் சீட்டையும் படிக்கிற மாதிரி தெளிவாகப் படம் எடுத்துப் போடவேண்டும்.