மரத்தில் எண் எழுதினால் காணி பறிபோகாது

"கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியோரம் படமெடுத்து மரங்களுக்கு எண் இடுகிறார்கள், இருபுறமும் நூறு மீற்றர் காணி அரசுக்குப் போய்விட்டது" என்றொரு குரல்பதிவு வவுனியா முதல் பரந்தன் வரை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது தவறு.

படமெடுப்பதும் எண் இடுவதும் வீதியின் சூழலை ஆராய்வதற்கே. அவ்வாறு ஆராய்வதென்பது, பாலை, முதிரை மரங்கள் எங்கே நிற்கின்றன, மாரி வெள்ளம் எந்த மதகால் வடிகிறது, யானைகள் எவ்விடத்தில் வீதியைக் கடக்கின்றன, முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் நிற்கும் வாகனங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பவற்றைத் திட்டமிடலுக்காகப் பதிவுசெய்வதாகும். மரத்திலுள்ள எண் கணக்கெடுப்புக்கானது. அதனால் காணி உறுதியில் ஓர் எழுத்தும் மாறாது.

காணி எடுப்பதற்கு 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் வகுத்த வழி வேறு. 2ஆம் பிரிவு அறிவித்தல் மும்மொழியிலும் அப்பகுதியில் காட்சிப்படுத்தப்பட வேண்டும் (அதுவுங்கூட காணி பொருத்தமானதா என்று ஆராய்வதற்கே). வழமையான நடைமுறையில், 4ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபணைக்கு அவகாசம் தந்த பின்னரே காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்னும் 5ஆம் பிரிவுப் பிரகடனம் வர்த்தமானியில் வெளிவரும்.

இடப்பெயர்வில் உறுதிகளைத் தொலைத்தவர்கள் இத்தகைய செய்தியால் பதறுவது இயல்பே. அவர்கள் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் நேரில் விசாரிக்கலாம்; எழுத்தில் பதில் வேண்டுமாயின் 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். அந்தக் குரல்பதிவைத் தயவுசெய்து மேலும் பகிராதீர்கள்.