மலை ரயிலை யாரும் விற்கவில்லை

"2020-லேயே ஊட்டி மலை ரயிலைத் தனியாருக்கு வித்துட்டாங்க, டிக்கெட் 3,000 ரூபாய்" என்று மேலே எழுதியிருக்கும் நண்பருக்கு: 3,000 ரூபாய் உண்மை, விற்றது உண்மையில்லை.

கொரோனாவால் வழக்கமான ரயில் நின்றிருந்த சமயம், ஒரு தனியார் நிறுவனம் பணம் கட்டி அந்த ரயிலை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. கல்யாணத்துக்கு அரசு பஸ்ஸை வாடகைக்குப் பிடிக்கிற மாதிரிதான். தண்டவாளம், என்ஜின், டிரைவர் எல்லாம் தெற்கு ரயில்வேயுடையது. அப்புறம் வழக்கமான ரயில் பழைய கட்டணத்திலேயே திரும்ப ஓடியது. ஊர்க்காரர்களுக்கு ரயில் இல்லாதபோது சுற்றுலாக்காரர்களுக்கு மட்டும் ஓட்டியது சரியா என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் அது வேறு கேள்வி.

"வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அரசாங்கச் சொத்து" என்பதும் பாதிதான் சரி. 1885-இல் தொடங்கிய கம்பெனி பாதை முடியும் முன்பே நொடித்தது. இரண்டாவது கம்பெனி கையில்தான் 1899-இல் குன்னூர் வரை ரயில் வந்தது. 1903-இல் அரசு விலைக்கு வாங்கியது. 1908-இல் ஊட்டியை எட்டியது அதற்குப் பிறகே.

நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையத்தையும் கம்பெனியிடமிருந்து பறித்தார்கள் என்று ஏன் இதில் இழுத்தீர்களோ தெரியவில்லை. 1932-இல் மின் உற்பத்தி தொடங்கிய அது, ஆரம்பத்திலிருந்தே சென்னை மாகாண அரசின் திட்டம். எந்தக் கம்பெனியிடமிருந்தும் பறித்ததல்ல.